குமணன்சாவடியில் கிறிஸ்து

போரூரைத் தாண்டி பூந்தமல்லி சாலையில் மேற்கே வந்தால் ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், அதற்கடுத்து குமணன்சாவடி. மாங்காடு, குன்றத்தூர் பக்கம் போகிற சாலை இங்கேதான் பிரிகிறது. காலை எட்டு மணிக்கு அந்த முனையில் நின்றவர்களுக்கு அதன் நெரிசல் தெரியும். கல்லூரிப் பேருந்துகள், கம்பெனி வேன்கள், ஷேர் ஆட்டோக்கள், மாங்காட்டு அம்மனைப் பார்க்கப் போகிற குடும்பங்கள், தலைக்கு மேலே மெட்ரோ ரயில் பாலம். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. வருகிற பேருந்தின் எண்ணைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள்.

அப்படி ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு கல்லூரி மாணவன் அங்கே நின்றுகொண்டிருந்தான். முந்தின நாள் கிறிஸ்து அரசர் பெருவிழா. திருப்பலியில் மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. பசித்தவருக்கு உணவும், தாகமாயிருந்தவருக்குத் தண்ணீரும், ஆடையில்லாதவருக்கு உடையும் கொடுத்தவர்கள், நோயாளியையும் சிறையில் இருப்பவரையும் போய்ப் பார்த்தவர்கள், அந்நியரை வீட்டில் சேர்த்துக்கொண்டவர்கள், இவர்கள் எல்லாரும் அதைக் கிறிஸ்துவுக்கே செய்தார்கள் என்று சொல்கிற பகுதி. ‘எதிரில் வருகிற ஒவ்வொருவரிலும் கிறிஸ்துவைப் பாருங்கள்’ என்று சொல்லித்தான் பங்குத்தந்தை மறையுரையை முடித்தார். அந்த வார்த்தை அவன் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்றைக்கு ஒருவரிலாவது பார்த்துவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தான்.

பார்த்தும் விட்டான். வெள்ளைக் கோலுடன் ஓர் இளைஞர் சாலை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். இவன் நேராகப் போனான், அவர் கையைப் பிடித்தான். “வாங்க தம்பி, நான் கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லி, வருகிற வண்டிகளுக்குக் கையைக் காட்டியபடி பாதிச் சாலையைக் கடந்து நடுத்தடுப்பு வரை கொண்டு போய்விட்டான். அந்த இளைஞர் ஏதோ சொல்ல வாய் திறந்தது ஹாரன் சத்தத்தில் கேட்கவில்லை. நடுத்தடுப்பில் நின்றபோதுதான் கேட்டது.

“அண்ணா, நான் கிராஸ் பண்ண வரலண்ணா. 66 வருதான்னுதான் நின்னுட்டிருந்தேன்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்த 66, அவர் நின்றிருந்த இடத்தில் நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு, குன்றத்தூர் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. பார்வைக் குறைபாடு உடையவர்களுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கேதான். அதனால் இந்தச் சாலையில் வெள்ளைக் கோல் புதிய காட்சி அல்ல. அந்த இளைஞரும் அந்தப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து, நண்பர்களுடன் இங்கே ஓர் அறையில் தங்கி, பல்லாவரம் பக்கம் கல்லூரிக்குப் போகிறவர். அன்று அவருக்கு முதல் மணி நேரத்தில் டெஸ்ட்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் இவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சிரித்துக்கொண்டே சொன்னார்: “வாரத்துக்கு ரெண்டு பேராவது இப்படிப் பண்ணிடறாங்கண்ணா. கொண்டு போய் விட்டுட்டுப் போயிடுவாங்க. திரும்ப இந்தப் பக்கம் வர்றதுக்குத்தான் ஆள் கிடைக்காது.”

இவன் அவரைத் திரும்பக் கூட்டி வந்தான். அப்போதும் கையைப் பிடித்து இழுத்துத்தான் வந்தான். அவர் மெதுவாகக் கையை விடுவித்து, இவனுடைய முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டார். “இப்படிண்ணா. நீங்க முன்னாடி நடங்க, நான் அரை அடி பின்னாடி வர்றேன். நீங்க ஏறினா இறங்கினா எனக்குத் தெரிஞ்சிடும்.”

அன்று முழுக்க வகுப்பில் அவனுக்கு மனம் ஓடவில்லை. கிறிஸ்துவைப் பார்க்கப் போய் ஒரு மனிதனின் டெஸ்டைக் கெடுத்துவிட்டு வந்தாயிற்று! தவறு எங்கே நடந்தது?

இரவு அதே 25-ஆம் அதிகாரத்தை எடுத்து மறுபடி படித்தான். பல முறை கேட்டிருந்தும் கவனிக்காத ஒன்று அப்போது கண்ணில் பட்டது. அந்தக் கதையில் நல்லவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள்! எப்போது உம்மைப் பசித்தவராகக் கண்டோம் என்று அரசரையே திருப்பிக் கேட்கிறார்கள். அதாவது உணவு கொடுத்தபோது அவர்கள் கிறிஸ்துவைப் பார்க்கவே இல்லை. பசியோடு ஒருவன் இருந்தான், சோறு கொடுத்தார்கள், அவ்வளவுதான். கொடுக்காதவர்களும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இரு சாராருக்கும் கிறிஸ்து கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு சாராருக்கு எதிரில் இருந்த மனிதனாவது தெரிந்தான்.

திங்கட்கிழமை காலையில் நடந்தது இதற்கு நேர்மாறு. இவனுக்குக் கிறிஸ்து தெரிந்தார், 66-க்காகக் காத்திருந்த மனிதர் தெரியவில்லை.

நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த மார்ட்டின் என்ற ரோமானியப் படைவீரரின் கதையும் இதைத்தான் சொல்கிறது. இன்று பிரான்சில் இருக்கும் அமியான் நகர வாசலில், கடுங்குளிரில், உடை இல்லாமல் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பிச்சைக்காரரை அவர் பார்த்தார். தன்னிடம் இருந்த மேலங்கியை வாளால் இரண்டாகக் கிழித்து ஒரு பாதியைக் கொடுத்தார். அன்றிரவு கனவில், அந்தப் பாதி அங்கியைப் போர்த்திக்கொண்டு கிறிஸ்து நின்றார். மார்ட்டின் அப்போது ஞானஸ்நானம்கூடப் பெற்றிருக்கவில்லை. பின்னாளில் தூர் நகரின் ஆயராகி, 397-இல் இறந்தார். அவருடைய மேலங்கியைப் பாதுகாத்து வைத்த இடத்துக்கு வந்த லத்தீன் பெயரிலிருந்துதான் சிற்றாலயத்தைக் குறிக்கும் ‘சாப்பல்’ என்ற சொல்லே பிறந்தது.

இந்தக் கதையில் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் குளிர், பிறகு அங்கி, கடைசியில்தான் கனவு. வாசலில் மார்ட்டின் பார்த்தது குளிரில் நடுங்கிய ஒரு மனிதனை. கிறிஸ்து யாரென்று இரவில்தான் தெரிந்தது.

குமணன்சாவடி என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் படித்தவர்களுக்கு முதிரமலைக் குமணன் நினைவுக்கு வருவான். அவனும் ஒரு வாளோடுதான் நினைவில் நிற்கிறான். தம்பியிடம் நாட்டை இழந்து காட்டில் இருந்தான். அவன் தலைக்கு விலை வைக்கப்பட்டிருந்தது. அந்த நிலையில் வறுமை தாங்காமல் பெருந்தலைச் சாத்தனார் என்ற புலவர் தேடி வருகிறார். கொடுக்க எதுவும் இல்லை. தன் தலையைக் கொண்டு போய்க் கொடுத்துப் பொருள் பெற்றுக்கொள்ளும்படி வாளை எடுத்து அவர் கையில் கொடுத்தான் என்பது புறநானூற்றின் 165-ஆம் பாட்டில் வரும் செய்தி. புலவர் முகத்தில் குமணன் வேறு யாரையும் தேடவில்லை. வந்தவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பது மட்டுமே அவனுக்குத் தெரிந்தது.

சாவடி என்பதும் நல்ல சொல்தான். வழிப்போக்கர்கள் இறங்கி இளைப்பாறிப் போகிற இடம். லூக்கா நற்செய்தியில் இப்படி ஒரு சாவடிக் கதை வருகிறது. இயேசு இறந்த மூன்றாம் நாள், எம்மாவு என்ற ஊருக்கு இரண்டு சீடர்கள் துயரத்தோடு நடந்து போகிறார்கள். வழியில் ஓர் அந்நியர் சேர்ந்துகொள்கிறார். வழி நெடுகப் பேசியும் அவர் யாரென்று தெரியவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது, எங்களோடு தங்குங்கள் என்று வற்புறுத்தி அழைக்கிறார்கள். உணவு மேசையில் அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோதுதான் கண் திறக்கிறது. அந்நியர் யாரென்று தெரிந்துகொண்டா அவர்கள் இடம் கொடுத்தார்கள்? இல்லையே! இருட்டப் போகிறது, இவர் எங்கே போவார் என்ற சாதாரணக் கவலைதான்.

சரி, எதிரில் இருப்பவரை எப்படிப் பார்ப்பது? அதற்கும் நற்செய்தியிலேயே ஒரு வழி இருப்பதை அவன் கண்டுபிடித்தான். எரிகோ சாலையில் பர்த்திமேயு என்ற பார்வையற்றவர் இயேசுவைக் கூப்பிட்டுக் கத்துகிறார். அவரை அருகில் அழைத்த இயேசு, தாம் என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறார் என அவரிடமே கேட்கிறார். கண் தெரியாதவருக்கு என்ன வேண்டும் என்பது கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கேட்கிறார். அவர் வாயால் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார். குமணன்சாவடி முனையில் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் 66 போயிருக்காது.

இதே பாடத்தைத் தமிழ் மண்ணில் கற்றுக்கொண்ட ஒரு மருத்துவர் உண்டு. பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் அங்கே ஊழியம் செய்தவர்கள். லண்டனில் மருத்துவம் படித்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே ராபர்ட் காக்ரேன் என்ற தொழுநோய் நிபுணர் இருந்தார். விரல்கள் மடங்கி, எதையும் பிடிக்க முடியாதது போலத் தெரிந்த ஒரு நோயாளியின் கைக்குள் பிராண்ட் தன் கையைக் கொடுத்து இறுக்கச் சொன்னார். வலி தாங்கவில்லை, அவ்வளவு பலம்! அந்தக் கை செத்துவிடவில்லை. சில தசைகள் செயலிழந்திருந்தன, மற்றவை நன்றாக இருந்தன. நல்ல தசைநாண்களை இடம் மாற்றித் தைத்தால் விரல்களை மீட்கலாம் என்ற வேலை அங்கிருந்துதான் தொடங்கியது. தொழுநோயில் சதை தானாக அழுகி விழுவதில்லை, வலி உணர்வு போய்விடுவதால்தான் காயங்கள் கவனிக்கப்படாமல் விரல்கள் அழிகின்றன என்பதையும் அவரும் அவர் குழுவினரும் விளக்கிக் காட்டினார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சரியான கைகளோடு ஊருக்குப் போனவர்களில் சிலர் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். கை கோணலாக இருந்தபோது பிச்சையாவது கிடைத்தது, இப்போது அதுவும் இல்லை, தொழுநோயாளி என்று வேலை தருவாரும் இல்லை! அறுவை செய்தவருக்கு இது பெரிய அடியாகத்தான் இருந்திருக்கும். அதன் பிறகுதான் வேலூரில் நவஜீவ நிலையம் வந்தது. மரவேலை, பொம்மை செய்வது போன்ற தொழில்களை அவர்கள் அங்கே கற்றுக்கொண்டார்கள். கைக்கு என்ன வேண்டும் என்பது மருத்துவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கைக்கு உரியவருக்கு என்ன வேண்டும் என்பதை அவர்தான் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

பிராண்ட் அடிக்கடி சொன்ன இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. ஒரு நோயாளியின் தோளில் கை வைத்துப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் அழத் தொடங்கிவிட்டார். தவறாக ஏதாவது சொல்லிவிட்டோமோ என்று பிராண்ட் பயந்து போனார். இல்லை, பல ஆண்டுகளாக யாரும் அவரைத் தொட்டதில்லை, அதனால்தான் அழுகிறார் என்று உடன் இருந்தவர் சொன்னார்.

இதையெல்லாம் அவன் தன் வகுப்புத் தோழன் ஒருவனிடம் சொன்னான். தோழன் கிறிஸ்தவன் அல்லன். கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டான்.

“எல்லாம் சரிடா. ஆனா என்னைப் பாக்கும்போது என்னையே பார்க்கக் கூடாதா? எனக்குள்ள இன்னொருத்தரை எதுக்குத் தேடற? அப்ப நான் என்ன, வெறும் முகமூடியா?”

அவனிடம் உடனே பதில் இல்லை. நியாயமான கேள்விதான். ஏழையை மோட்சத்துக்கு ஏணியாகப் பயன்படுத்துவது எல்லா மதத்திலும் உள்ள ஆபத்து. ஏணியில் ஏறுகிறவன் ஏணியின் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஆனால் மத்தேயு 25-இல் அந்த அரசர் சொல்வதை மறுபடி பார்த்தால், சோறு போனது பசித்தவனின் வயிற்றுக்குத்தான். அது உண்மையான சோறாக, அவனுக்குப் போதுமானதாக இருந்தால்தான் அது கிறிஸ்துவுக்குச் செய்ததாகக் கணக்காகிறது. அவனைத் தாண்டிப் போய்க் கிறிஸ்துவைச் சந்திக்கத் தனி வழி ஒன்றும் அங்கே காட்டப்படவில்லை. கடவுள் மனிதரானார் என்று நம்புகிறவர்களுக்கு மனிதர் முகமூடியாக இருக்க முடியாது. திருமூலரும் திருமந்திரத்தில் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொல்கிறார். கோயிலில் உள்ள இறைவனுக்குக் கொடுப்பது நடமாடும் கோயிலான மனிதரைச் சேராது, மனிதருக்குக் கொடுப்பதோ இறைவனைச் சேரும் என்பது அவர் கருத்து. தோழனுக்கு இந்தப் பதில் பாதிதான் திருப்தி. “சரி, முதல்ல மனுஷன், அப்புறம் சாமி. அந்த ஆர்டர மாத்தாத” என்றான்.

மாற்றினால் என்ன ஆகும் என்பதை அவனுடைய ஆச்சி சொன்னாள். அவர்களுடைய பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தின் கதை அந்தப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் பலருக்குத் தெரியும். 1872-இல் கட்டப்பட்ட அந்தக் கோவிலில், ஒரே பீடத்தில் வந்து சேருகிற மாதிரி இரண்டு தனித்தனிப் பகுதிகள், நடுவே சுவர். ஒரு சாதியார் இந்தப் பக்கம், இன்னொரு சாதியார் அந்தப் பக்கம். 1910-இல்தான் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. பழையபடி பிரிவினை வேண்டும் என்று வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள்.

“ரெண்டு பக்கத்துக்காரங்களும் நன்மை வாங்குனது ஒரே பீடத்துலதாம்யா” என்றாள் ஆச்சி. “சேசு அப்பத்துல இருக்காருன்னு எல்லாருக்கும் தெரியும். செவுத்துக்கு அந்தப் பக்கமும் இருக்காருன்னுதான் தெரியல.”

இதே வடக்கன்குளத்தில்தான் 1745-இல் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி வேறுபாடு பார்க்காமல் எல்லாரோடும் பழகியவர். துன்புறுத்தப்பட்டு 1752-இல் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார், இந்தியாவின் பொதுநிலையினரில் முதல்வராக. அவர் தண்ணீரில் மூழ்கி எழுந்த ஊரிலேயே, நூற்று இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, நடுவே சுவர் வைத்துக் கோவில் கட்ட முடிந்திருக்கிறது. பக்திக்குக் குறைச்சல் இல்லை. பக்கத்தில் இருந்த மனிதரைத்தான் பார்க்கவில்லை.

பிச்சைக்காரரில் கிறிஸ்துவைப் பார்ப்பது ஒருவகையில் எளிது. காசு போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். அருகிலேயே இருப்பவர்கள்தான் கடினம். தெருவைப் பெருக்குகிற அம்மாவின் பெயர் என்ன? மெட்ரோ தூண்களுக்குக் கம்பி கட்டிய வடமாநில இளைஞர்கள் எந்த ஊர்க்காரர்கள்? எதிர் வீட்டில் பேச்சுவார்த்தை நின்று மூன்று வருடம் ஆகிறதே, அவர்களுக்கு உடம்புக்கு எப்படி இருக்கிறது? இவையெல்லாம் பெரிய ஆன்மிகக் கேள்விகளாகத் தோன்றுவதில்லை. ஆனால் 25-ஆம் அதிகாரத்தில் கேட்கப்படுகிறவை இப்படிப்பட்டவைதான். சோறு, தண்ணீர், துணி, போய்ப் பார்ப்பது. அந்தப் பகுதியில் ஜெபத்தைப் பற்றிய கேள்வியே இல்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு காலை. அதே முனை, அதே நெரிசல். வெள்ளைக் கோலோடு அதே இளைஞர் நின்றுகொண்டிருந்தார். அவன் பக்கத்தில் போய் நின்றான். கையைப் பிடிக்கவில்லை.

“தம்பி, அன்னைக்கு உங்களை நடு ரோட்டுல கொண்டு போய் நிறுத்தினேனே, அந்த ஆள்தான். ஏதாவது வேணுமா?”

அவர் சிரித்துவிட்டார். “66 வந்தா சொல்லுங்கண்ணா. அது போதும்.”

“டெஸ்ட் என்னாச்சு?”

“ரீ-டெஸ்ட் வச்சாங்கண்ணா. பாஸ்.”

இருவரும் நின்றார்கள். 54 ஒன்று வந்தது, போனது. பேச்சு வகுப்பைப் பற்றி, அறையில் நண்பர்கள் சமைக்கும் சாம்பாரைப் பற்றி, மழையில் சாலை ஓரப் பள்ளங்களைப் பற்றிப் போனது. பள்ளம் எங்கே இருக்கிறது என்பது இவனைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவருடைய பெயரை அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டான். அந்தப் பத்து நிமிடமும் கிறிஸ்துவின் ஞாபகமே அவனுக்கு வரவில்லை.

“தம்பி, 66” என்றான். அவர் கையை நீட்டி இவன் முழங்கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். இரண்டடி தூரம்தான். படிக்கட்டு வந்ததும் கையை விட்டுவிட்டு ஏறிக்கொண்டார்.